கோலைப் பார்க்காத அம்மா!

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் எல்லோருடைய கண்களும் ஒரே பொருளின் பின்னால்தான் ஓடும். மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனம் கொண்ட கறுப்பு ரப்பர் வட்டு அது. பெயர் பக். வழுக்கும் பனித்தரையில் அது பறக்கிற வேகத்தில், கொஞ்சம் கண்ணை எடுத்தாலும் கோல் விழுந்ததே தெரியாது. பயிற்சியாளர், பெற்றோர், பெஞ்சில் காத்திருக்கும் பிள்ளைகள், காபி கோப்பையோடு ஓரமாக நிற்பவர் என எல்லோரும் அதைத்தான் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

ஒருவர் மட்டும் அதைப் பார்க்க மாட்டார். நடுக்கோட்டுக்கு நேராக, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பெட்டி போன்ற சின்ன அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். கட்டைவிரல் ஒரு பட்டன் மேல் இருக்கும். கண் நடுவரின் கை மேல் இருக்கும். அவர்தான் டைம்கீப்பர்.

டி.வி-யில் வரும் பெரிய லீக் ஆட்டங்களில் இந்த வேலைக்குத் தனி ஆட்கள் உண்டு. ஆனால், கனடாவில் வார இறுதிதோறும் நடக்கும் சிறுவர் ஐஸ் ஹாக்கியில், அதிலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் 'ஹவுஸ் லீக்' ஆட்டங்களில், அந்த நாற்காலியில் பெரும்பாலும் உட்காருவது ஆடும் பிள்ளைகளின் அப்பாவோ அம்மாவோதான். சம்பளம் கிடையாது. போட்டோவில் முகமும் வராது.

டொரன்டோவின் கிழக்கே தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோவில், மூன்று சீசன்களாக அந்த நாற்காலியில் உட்காரும் ஓர் அம்மாவின் கதை இது. யாழ்ப்பாணத்தில் படித்து, கல்யாணமாகி கனடா போனவர். வாரநாள்களில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பாளர். ஒரே மகன், வயது 12. தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டால், "ரெண்டு டீம் ஆக்களும் இதை வாசிப்பினம்" என்று சிரிக்கிறார்.

யாரும் கை தூக்காத வேலை

ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் அணியின் மேனேஜர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் போடுவார். ஜெர்சி துவைப்பவர் யார், தண்ணீர் பாட்டில் கொண்டுவருபவர் யார், பிள்ளைகளுக்கு ஸ்கேட்ஸ் கட்டிவிடுபவர் யார் என்று வேலைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேராக யாராவது பெயர் போட்டுவிடுவார்கள். டைம்கீப்பர் என்ற வரி மட்டும் காலியாகவே கிடக்கும்.

அதற்கு நியாயமான காரணம் உண்டு. ஜெர்சி துவைப்பவர் தன் பிள்ளை ஆடுவதைப் பார்க்கலாம். ஸ்கேட்ஸ் கட்டுபவர் கட்டி முடித்த கையோடு கேலரிக்கு வந்துவிடலாம். டைம்கீப்பருக்கு மட்டும்தான் அந்த ஒரு மணி நேரமும் தன் பிள்ளை மீது கண் வைக்க முடியாது. சனிக்கிழமை காலை ஆறரைக்கு எழுந்து, மைனஸ் பதினைந்து டிகிரிக் குளிரில் கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு வருவதே பிள்ளை ஆடுவதைப் பார்க்கத்தானே?

முதல் சீசனில் அந்த வரி இரண்டு வாரம் காலியாகக் கிடந்தது. ஸ்கேட்ஸ் கட்டும் வேலையை ஏற்கெனவே எடுத்திருந்த கணவர், வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "வீட்டில எல்லாருக்கும் மணி சொல்லுற ஆள் நீர்தானே. போய் இருமன்."

"எனக்கு ஓஃப்சைட் எண்டா என்னெண்டே தெரியாது" என்றார் இவர்.

"அது ரெஃப்ரீக்குத் தெரிஞ்சாக் காணும்."

அது உண்மைதான் என்று பிறகு புரிந்தது. இவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு கனடியத் தாத்தா. பேரன் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு சனிக்கிழமைகள் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கினார். முதல் நாளே அவர் சொன்னது: பக்கை மறந்துவிடு. அதைப் பார்க்கக் கேலரியில் அத்தனை பேர் இருக்கிறார்கள். நடுவரின் கையைப் பார்க்க நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

கண்ணால் தொடங்கு, காதால் நிறுத்து

ஐஸ் ஹாக்கியை மூன்று பகுதிகளாக ஆடுவார்கள். பெரியவர்களின் சர்வதேச ஆட்டத்தில் ஒவ்வொரு பகுதியும் 20 நிமிடம். பிள்ளைகளுக்கு வயதையும் லீகையும் பொறுத்து நேரம் குறையும். கால்பந்தைப் போல இதில் கடிகாரம் நிற்காமல் ஓடாது. விசில் அடித்தால் நிற்க வேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்கினால் ஓட வேண்டும். அதனால் ஓர் ஆட்டத்தில் பல பத்து முறை அந்தப் பட்டனைத் தட்ட வேண்டியிருக்கும்.

தொடங்குவது கண்ணால். எதிரெதிரே குனிந்து நிற்கும் இரண்டு பேருக்கு நடுவே நடுவர் பக்கைப் போடுவார். அது விழுந்து ஆட்டம் தொடங்கும் அந்தக் கணத்தில் கடிகாரம் ஓட வேண்டும். நிறுத்துவது காதால். விசில் சத்தம் கேட்டதும் கட்டைவிரல் தானாக அழுந்த வேண்டும். யோசிக்க நேரம் எடுத்தால் அரை விநாடி போய்விடும்.

அடுத்தது தண்டனைக் கணக்கு. தடுக்கிவிடுவது, ஸ்டிக்கால் அடிப்பது போன்ற சிறு தவறுகளுக்கு 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். பெரிய தவறுக்கு 5 நிமிடம். அந்த நேரம் முழுக்க அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். சிறு தண்டனை ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரணி கோல் போட்டுவிட்டால், மீதி நேரம் ரத்தாகி ஆள் உள்ளே போகலாம். ஒரே அணியில் இரண்டு பேர் சிறு தண்டனையில் இருந்தால், குறைவான நேரம் மிச்சமிருப்பவருக்குத்தான் விடுதலை. மூன்றாவதாக ஒருவர் தவறு செய்தால், அவரும் வந்து உட்காரலாம். ஆனால் முதலாமவரின் தண்டனை முடியும்வரை அவருடைய கடிகாரம் ஓடத் தொடங்காது. எவ்வளவு தவறு செய்தாலும் களத்தில் ஆள் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

இதையெல்லாம் கேலரியில் இருந்து இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருக்கும்போது, கையுறை போட்ட விரல்களால் பட்டன்களைத் தட்டிக் கணக்குப் போட வேண்டும். "கிளினிக்கில ஒரே நேரத்தில ரெண்டு ஃபோன் அடிச்சாலே எனக்குத் தலை சுத்தும். இங்க நாலு கடிகாரம் ஓடும்" என்கிறார் அவர்.

பெட்டிக்குள் ஒரு சட்டம்

அந்தப் பெட்டிக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. உள்ளே உட்கார்ந்தவர் கை தட்டக் கூடாது. கத்தக் கூடாது. முகம் சுளிப்பதுகூட நன்றாக இருக்காது. நேரம் காப்பவர் எந்த அணி வீட்டிலிருந்து வந்தாலும், கடிகாரம் ஓடும்வரை அவர் இரண்டு அணிக்கும் பொது.

வழக்கமாக, சொந்த மைதானத்து அணி கடிகாரத்துக்கும் ஸ்கோர் எழுதவும் ஆள் தரும். வெளியிலிருந்து வரும் அணி, தன் பக்கத் தண்டனைப் பெட்டியின் கதவைத் திறந்துவிட ஒரு பெற்றோரை அனுப்பும். அவர் இவருக்குப் பக்கத்திலேயே இருப்பார். கதவைப் பார்ப்பதோடு இவருடைய விரலையும் பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

முதல் சீசனின் டிசம்பரில் மகன் தன் முதல் கோலைப் போட்டான். கேலரியில் அப்பா துள்ளிக் குதித்தார். இவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது, கோல் என்று வலையை நோக்கி நீண்ட நடுவரின் கையை. கடிகாரத்தை நிறுத்தினார். ஸ்கோரில் ஒன்றைக் கூட்டினார். நடுவர் ஸ்கேட் செய்துவந்து கண்ணாடிக்கு வெளியே நின்று, கோல் போட்டவரின் எண்ணைச் சொன்னார்: ஏழு.

ஏழு, மகனின் ஜெர்சி எண். கோல் போட்டது தன் பிள்ளைதான் என்று அந்த அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் தாளில் எழுதும்போது இவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டான்: "அம்மா, என்ர கோலைப் பாத்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி. நேரத்தைத்தான் பாத்தனான். ரெண்டாவது பீரியட், ஆறு நிமிசம் முப்பத்தெட்டுச் செக்கன் மிச்சம் இருக்கேக்க."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். அப்பாவின் ஃபோனில் வீடியோ இருந்தது; ஆனால் அந்த நேரம் அப்பாவுக்குத் தெரியாது. அடுத்த வாரம் பள்ளியில் கதை சொல்லும்போது அவன் அந்த 6:38-ஐயும் சேர்த்தே சொன்னானாம்.

இன்னொரு நாள் அவனே தண்டனைப் பெட்டிக்கு வந்தான். எதிரணிப் பையன் ஒருவனைத் தடுக்கிவிட்டதற்காக 2 நிமிடம். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தது தெரிந்தது. இவர் 7 என்று தட்டினார். 2:00 என்று தட்டினார். முகத்தைத் திருப்பி நடுவரின் கையைப் பார்த்தார். "வீட்டில எண்டால் ரெண்டு நிமிசத்தில கட்டிப் பிடிச்சு சமாதானம் ஆகியிருப்பம். அண்டைக்கு அந்த ரெண்டு நிமிசத்தையும் நானேதான் எண்ண வேண்டியிருந்தது."

ஒரு விநாடியில் என்ன ஆகிவிடும்?

பிள்ளைகள் ஆட்டத்துக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று தோன்றலாம். ஐஸ் ஹாக்கியின் புகழ்பெற்ற ஆட்டமே ஒரு விநாடியின் மதிப்பைச் சொல்லும்.

1980 பிப்ரவரி 22. அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் குளிர்கால ஒலிம்பிக். ஒரு பக்கம் உலகமே அஞ்சிய சோவியத் யூனியன் அணி. மறுபக்கம் கல்லூரி மாணவர்கள் நிறைந்த அமெரிக்க அணி. முதல் பகுதி முடியப்போகிறது. சோவியத் 2-1 என்று முன்னணியில் இருக்கிறது. கடைசி விநாடியில் மார்க் ஜான்சன் என்ற அமெரிக்கர் கோல் போட்டுவிட்டார். பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்து சோவியத் வீரர்கள் உள்ளே போய்விட்டார்கள். ஆனால் கடிகாரத்தில் ஒரு விநாடி மிச்சமிருந்தது. அந்த ஒரு விநாடியை ஆடி முடிக்க அவர்களில் சிலரைத் திரும்ப அழைத்துவர வேண்டியிருந்தது. அடுத்த பகுதிக்கு, உலகின் தலைசிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கிய விளாடிஸ்லாவ் டிரெட்டியாக்கை சோவியத் பயிற்சியாளர் மாற்றிவிட்டார். அமெரிக்கா 4-3 என்று வென்றது. அந்த வெற்றியை அமெரிக்கர்கள் இன்றும் அதிசயம் என்றே சொல்கிறார்கள்.

கடிகாரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2012 பிப்ரவரி 1-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணியும் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் அணியும் மோதின. ஸ்கோர் 2-2. டுரூ டௌட்டி கோல் போட்டபோது கடிகாரத்தில் 0.4 விநாடி மிச்சம். லாஸ் ஏஞ்சலிஸ் 3-2 என்று வென்றது. பிறகு வீடியோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் 1.8-ல் ஏறத்தாழ ஒரு விநாடி அசையாமல் நின்றிருக்கிறது. அது நிற்காமல் ஓடியிருந்தால் அந்த கோலுக்கு முன்பே நேரம் முடிந்திருக்கும். ஆனாலும் முடிவு மாறவில்லை. கோடிகள் புரளும் லீகிலேயே இந்த நிலைமை.

புகையைப் பார்த்து, கையால் அழுத்தி

பனிமேல் நடக்கும் விளையாட்டுகளில் நேரம் காப்பது நெடுங்காலம் கைவேலையாகத்தான் இருந்தது. நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் முடிவுக்கோட்டில் ஸ்டாப் வாட்சோடு ஆசிரியர்கள் நிற்பார்கள் இல்லையா, ஒலிம்பிக்கிலும் அப்படித்தான்.

ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் 500 மீட்டர் போட்டி, முடிவுக்கோட்டுக்கு 100 மீட்டர் முன்னால் தொடங்கும். துப்பாக்கிச் சத்தம் அந்தத் தூரத்தைக் கடந்து வர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். ஆகவே, கோட்டில் நிற்பவர் சத்தத்தை நம்பாமல், துப்பாக்கியில் கிளம்பும் புகையைப் பார்த்து வாட்சை அழுத்த வேண்டும். முடிவில், ஸ்கேட் பிளேடின் நுனி கோட்டைத் தொடுவதைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

கையால் அளந்தால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரைதான் சொல்ல முடியும். அதனால் பதக்க மேடையில் கூட்டம் கூடியது. 1928-ல் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் 500 மீட்டரில் இரண்டு பேருக்குத் தங்கம், மூன்று பேருக்கு வெண்கலம். 1956-லும் 1960-லும் 1,500 மீட்டரில் இரண்டிரண்டு பேர் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு முறையும் அதில் ஒருவர் சோவியத்தின் யெவ்கெனி கிரிஷின். 1964-ல் 500 மீட்டரில் மூன்று பேருக்கு வெள்ளி. அதிலும் கிரிஷின் இருந்தார்!

மின்னணுக் கடிகாரம் வந்தபிறகு அளவு நுணுகிப் போனது. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் லூஜ் பந்தயத்தில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடைவெளி 0.002 விநாடி. ஒருவர் சிறு சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, பனிப்பாதையில் பாய்ந்து இறங்கும் விளையாட்டு அது. நான்கு முறை சறுக்கி, அத்தனை நேரத்தையும் கூட்டிய பிறகு வந்த வித்தியாசம் இது. 2014 சோச்சியில் 1,500 மீட்டர் ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் போலந்தின் ஸ்பிக்னியெவ் புரோட்கா, நெதர்லாந்தின் கோன் வெர்வையை வென்றது 0.003 விநாடியில். புரோட்கா ஊரில் தீயணைப்பு வீரர்.

ஒலிம்பிக்கில் இந்த நுணுக்கத்தை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. ஸ்கார்பரோவின் சனிக்கிழமைக் காலையில் இன்னும் ஒரு கட்டைவிரல்தான் பார்க்கிறது.

4.2

அந்தக் கட்டைவிரலுக்குச் சோதனை வந்தது போன சீசனின் அரையிறுதியில். மகனின் அணி 2-3 என்று பின்தங்கியிருந்தது. தோற்றால் அந்த வருடம் அதோடு முடிந்தது. கடைசி நிமிடத்தில் தங்கள் கோல்கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு, அவருக்குப் பதிலாகத் தாக்குதலுக்கு ஓர் ஆளைக் கூடுதலாக இறக்கினார் பயிற்சியாளர். எல்லாவற்றையும் பணயம் வைக்கும் அணிகள் செய்வது இது.

எதிரணி வலைக்கு முன்னால் ஒரே குவியல். யாரோ அடித்த பக்கை எதிரணி கோல்கீப்பர் விழுந்து கையுறையால் மூடிவிட்டான். விசில் வந்தது. இவர் விரல் அழுந்தியது. போர்டில் 4.2 விநாடி.

பெஞ்சிலிருந்து பயிற்சியாளரின் குரல் வந்தது. அவன் பக்கை மூடும்போது கடிகாரத்தில் ஆறு விநாடி இருந்தது; இரண்டு விநாடி தின்றுவிட்டீர்கள், திருப்பி வையுங்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பக் மூடப்பட்டது ஆறு விநாடி இருக்கும்போதுதான். ஆனால், பக்கை மூடினால் ஆட்டம் நிற்காது. விசில் அடித்தால்தான் நிற்கும். குவியலின் பின்பக்கம் இருந்த நடுவருக்கு பக் எங்கே என்று தெரிய ஒன்றிரண்டு விநாடி ஆகியிருக்கிறது. அதன் பிறகுதான் அவர் விசில் ஊதினார். அந்த இடைவெளியும் ஆட்டத்தின் நேரம்தான்.

நடுவர் கண்ணாடி அருகே வந்தார். பதினாறு வயது இருக்கலாம். பள்ளி மாணவன். கனடாவில் சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவர்களாக இருப்பவர்களில் பலர் இப்படிப் பிள்ளைகள்தான். பெரியவர்கள் கத்துவதைத் தாங்க முடியாமல் விட்டுப் போகிறவர்களும் இவர்களில்தான் அதிகம். 'இதுவும் ஒரு குழந்தைதான்' என்று நினைவூட்டவே, பல இடங்களில் 18 வயதுக்கு உட்பட்ட நடுவர்கள் கையில் பச்சைப் பட்டை கட்டுகிறார்கள். நேரம் பற்றித் தகராறு வந்தால் நடுவர் சொல்வதே இறுதி. அந்தப் பையனுக்கோ கேட்பதற்கு இவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

அவன் கேட்டது ஒரே கேள்வி: என் விசிலுக்குத்தான் நிறுத்தினீர்களா?

கேலரி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரணியின் கதவுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஏழாம் எண் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று முந்தியிருக்கலாம், சரியாகத் தெரியவில்லை என்று இழுத்தாலே போதும். இரண்டு விநாடி திரும்பி வந்திருக்கும். அதை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. வீடியோ கிடையாது.

"விசிலுக்குத்தான்" என்றார் இவர்.

பையன் தலையாட்டிவிட்டுத் திரும்பினான். 4.2 அப்படியே இருந்தது. பக் போடப்பட்டது. மகனின் அணிதான் அதை எடுத்தது. பின்னால் தட்டினார்கள், ஒருவன் ஓங்கி அடித்தான். பஸ்ஸர் அலறியது. அதற்குப் பிறகுதான் வலை அசைந்தது. நடுவர் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். கோல் இல்லை.

இந்த முறையும் இவர் பக்கைப் பார்க்கவில்லை. வலை அசைந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

லாபியில் பத்து நிமிடம்

பிள்ளைகள் உடை மாற்றிவிட்டு வரும்வரை பெற்றோர் லாபியில் காத்திருப்பார்கள். வழக்கமாக இரைச்சலாக இருக்கும். அன்று இவர் போய் நின்றதும் பேச்சு குறைந்தது. ஒருவர் ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதே அணியில் இன்னொரு தமிழ்ப் பிள்ளையின் அம்மா மட்டும் பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு செக்கன்தானே அக்கா. சொல்லியிருக்கலாம்."

இவர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாவின் மகன்தான் கடைசியாக அடித்தவன்.

"அவ பிழையாச் சொல்லேல்ல. நானும் கேலரியில இருந்திருந்தா அதைத்தான் சொல்லியிருப்பன்" என்கிறார் இப்போது. "ஆனா அந்த ரெஃப்ரீப் பெடியன்ர முகத்தைப் பாத்தனான். நான் மாத்திச் சொன்னா, அவன் பிழையா விசில் அடிச்ச மாதிரி ஆகும். மற்றப் பக்கத்து ஆக்கள் அவனைத்தான் தின்னுவினம். அவனும் ஆற்றையோ பிள்ளைதானே."

காரில் கணவர் ஹீட்டரைக் கூட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் ஓட்டினார். பின் சீட்டில் மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு சிக்னல் தாண்டியதும் கேட்டான்.

"அம்மா, விசில் உண்மையா நாலிலதான் அடிச்சதோ?"

"ஓம் தம்பி. நாலிலதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப சரி. பசிக்குது."

கொத்து ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று இரவு அவன் தூங்க நேரமானது என்பதையும் இவர் மறைக்கவில்லை. தோற்ற பிள்ளை அழத்தான் செய்யும். அந்த அழுகைக்கு அம்மாவின் விரலும் ஒரு காரணம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம். அதைப் பற்றி அவர்கள் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

மறுபடியும் அதே நாற்காலி

இந்த சீசன் தொடங்கியபோது வாட்ஸ்அப் பட்டியல் வந்தது. டைம்கீப்பர் வரி வழக்கம்போல் காலியாக இருந்தது. இந்த முறை வேறு யாராவது எடுக்கட்டும் என்று மூன்று நாள் காத்திருந்து பார்த்தார். பிறகு, லாபியில் 'சொல்லியிருக்கலாம்' என்ற அந்த அம்மாவே குழுவில் எழுதினார்: போன வருடம் போல அக்காவே இருக்கட்டும். அதற்குக் கீழே ஏழெட்டுக் கட்டைவிரல்கள் விழுந்தன.

தன்னார்வ வேலை என்றால் பிறருக்கு நேரம் கொடுப்பது என்று நினைக்கிறோம். இந்த வேலையில் அதோடு, தன் பிள்ளையைப் பார்க்கும் உரிமையையும் ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைக் கொடுக்க ஒரு பெற்றோர் முன்வந்தால்தான் மற்ற அத்தனை பெற்றோரும் தங்கள் பிள்ளைகளைக் கவலையில்லாமல் பார்க்க முடிகிறது. கனடாவின் ஊர் மைதானங்கள் ஒவ்வொன்றிலும் வார இறுதியில் இப்படி யாரோ ஒருவர், தன் வீட்டு ஜெர்சி எண்ணைத் தேடாமல், நடுவரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜனவரியில், அரையிறுதியில் மோதிய அதே எதிரணி மறுபடி வந்தது. போன வருடம் கதவருகே நின்று இவர் விரலையே கவனித்த அதே அப்பாதான் இந்த முறையும் பெட்டிக்குள் வந்தார். கையில் இரண்டு டிம் ஹார்ட்டன்ஸ் காபி. ஒன்றை கண்ட்ரோல் பேனல் பக்கத்தில் வைத்தார். போன வருடத்து ஆட்டம் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. ஆட்டம் முழுக்க அவர் திரும்பிக் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. தன் மகள் ஆடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

காபியில் சர்க்கரை அதிகம். இவர் சர்க்கரை போடாமல் குடிப்பவர். ஒன்றும் சொல்லாமல், ஒவ்வொரு விசில் இடைவெளியிலும் ஒரு வாய் என்று முழுவதையும் குடித்து முடித்தார்.